வெள்ளிக் கிரகத்துக்கு ஒரு லீற்றர் அசிட்

1280. மருதனார்மடம் சந்தியில் பற்றறிக் கடை வைத்திருக்கும் பஞ்சலிங்கம் முழுதாக நம்புவது இந்த ஓர் எண்ணைத்தான். சார்ஜ் ஏறிய நல்ல பற்றறிக்குள் ஹைட்ரோமீற்றரை விட்டு அசிட்டை உறிஞ்சினால், உள்ளே இருக்கும் மிதவை 1280 இல் நிற்க வேண்டும். 1200 என்றால் பாதி உயிர். 1100 என்றால் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடலாம். மற்றதெல்லாம், வாடிக்கையாளரின் சொல், கொழும்பு முகவரின் பில், சொந்த மைத்துனரின் சத்தியம் எல்லாமே அவருக்குச் சந்தேகம்தான்.

வயது அறுபத்து மூன்று. மானிப்பாயில் ஒரு கராஜில் தொழில் பழகி, மின்சாரம் இல்லாத போர்க்காலத் தொண்ணூறுகளில் சொந்தக் கடை போட்டவர். அந்தக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் அது. பற்றறி வைத்திருப்பவனைச் சோதனைச் சாவடியில் மூன்று கேள்வி கேட்பார்கள். பெயர் என்ன? எங்கே இருக்கிறாய்? அங்கே இருப்பவன் இங்கே ஏன் வந்தாய்? கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் உண்டு. பஞ்சலிங்கம் அந்தக் கேள்விகளைப் பழகிக்கொண்டார். சாவடிகள் போய் எத்தனையோ வருடமாகியும் தன் கடைக்கு வருபவர்களிடம் அதே மூன்றையும் அதே வரிசையில் கேட்டுவருகிறார்.

"போத்தலில் அசிட் தரப்படமாட்டாது" என்று கடை வாசலில் பலகை தொங்குகிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 2011 இல், வெள்ளைச் சட்டை போட்ட மரியாதையான மனிதர் ஒருவர் மலசலகூடக் குழாய் அடைத்துவிட்டது என்று அரைப் போத்தல் அசிட் வாங்கிப் போனார். அன்று பின்னேரமே, எல்லை வேலிச் சண்டையில், அது அவருடைய தம்பியின் முகத்துக்குப் போனது. தம்பிக்கு இடது கண் இல்லை. சாட்சி சொல்ல மூன்று தடவை நீதிமன்றம் ஏறிய பஞ்சலிங்கத்திடம் நீதவான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஆரும் வந்து கேட்டால் குடுத்துவிடுவீரோ?"

அதற்குப் பிறகு பற்றறியோடு வருபவருக்கு மட்டும், பற்றறிக்குள் மட்டும். இல்லை என்று சொல்ல முடியாதவர்கள் கேட்டால், சீருடைக்காரர், கோயில் தர்மகர்த்தா, பெரிய இடத்துக் கடிதத்தோடு வருபவர் கேட்டால், அதற்கு அவரிடம் வேறு வழி இருந்தது. பின்னறையில் பூட்டி வைத்திருக்கும் நீலப் பிளாஸ்டிக் கானில் உள்ள கடும் அசிட்டைக் காட்டுவார். ஊற்றுவது தண்ணீர் கலந்து வைத்த பற்றறி அசிட். கேட்டவர் சந்தோஷமாகப் போவார். எவருக்கும் கண் போகாது.

2024 பெப்ரவரி ஐந்தாம் திகதி, திங்கட்கிழமை, சந்தை கலைகிற நேரத்தில் ஓர் இளம்பெண் கடைக்கு வந்தாள். கையில் கண்ணாடி மூடி போட்ட வெறும் போத்தல். அதைக் கண்டதுமே பஞ்சலிங்கத்தின் முகம் இறுகிவிட்டது.

"ஐயா, தண்ணி கலக்காத சல்பூரிக் அசிட் ஒரு லீற்றர் வேணும்."

"பற்றறி எங்கை?"

"பற்றறிக்கு இல்லை ஐயா. பலூனுக்கு."

தன் ஓட்டோவின் பற்றறிக்காகக் காத்திருந்த ஜஸ்ரின் திரும்பிப் பார்த்தான். "தங்கச்சி, ஆருக்குப் பிறந்தநாள்? அசிட்டிலை ஊதுற பலூன் நான் கேள்விப்படேல்லை."

"வெள்ளிக் கிரகத்திலை பறக்க விடுற பலூன் அண்ணை."

"அப்ப எனக்கும் ஒரு சீற் போடுங்கோ. சுக்கிர திசை வரும் வரும் எண்டு சாத்திரி நாலு வருசமாச் சொல்லுறான். நானே அங்கை போய்ப் பாத்திட்டு வாறன்."

பஞ்சலிங்கம் சிரிக்கவில்லை. "பேர் என்ன?"

"வினோஜா."

"எங்கை இருக்கிறனீர்?"

"தெல்லிப்பழை."

"தெல்லிப்பழையிலையிருந்து வாற வழியிலை மல்லாகத்திலை ஒரு பற்றறிக்கடை, சுன்னாகத்திலை ரெண்டு. அதெல்லாத்தையும் தாண்டி இஞ்சை ஏன் வந்தனீர்?"

"மூண்டு பேரும் துரத்திப்போட்டினம் ஐயா."

உண்மையை இப்படி உடனே சொல்பவர்களை அவருக்குப் பிடிப்பதில்லை. பொய் சொல்பவன் ஓர் இடத்தில் தடுமாறுவான், பிடித்துவிடலாம். இவள் தடுமாறவில்லை.

கேட்காமலே விளக்கமும் சொன்னாள். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குழுவில் வேலை. அப்பாவுக்கு நெஞ்சு ஒப்பரேஷன், அதற்காக வந்து நிற்கிறாள், ஏப்ரல் தொடக்கத்தில் திரும்பவேண்டும். வெள்ளிக் கிரகத்தின் தரையில் ஈயம் உருகி ஓடும் சூடு. ஆனால் ஐம்பத்தைந்து கிலோமீற்றர் உயரத்தில் காற்று நம் மார்கழி மாதத்துப் பகல் போலத்தான். அங்கே பலூன் ஒன்றை மிதக்க விட்டால், காற்று இழுத்துப்போகிற போக்கில் கிரகத்தைச் சுற்றிக்கொண்டே அளந்து அனுப்பும். ஒரே தொல்லை, அந்த உயரத்து முகில் தண்ணீர் முகில் அல்ல. அசிட் முகில்.

"இந்த அசிட்டோ?"

"இதேதான். பலூன் தாளை ஒட்டுற பொருத்து அதுக்குத் தாங்குமோ எண்டு பாக்கவேணும். ஒன்பது துண்டு கொண்டந்தனான். ஒரு பொருத்து என்ரை யோசனை. மார்ச் நாலாம் திகதிக் கூட்டத்திலை முடிவு காட்டினால்தான் அதைச் சேர்ப்பினம். இல்லாட்டி விட்டிடுவினம்."

"உதுக்கு முதல் ஒருத்தரும் விடேல்லையோ?"

"ரஷ்யாக்காரர் எண்பத்தைஞ்சிலை ரெண்டு பலூன் விட்டவை. ரெண்டும் ரெண்டு நாள் பறந்தது."

"எண்பத்தைஞ்சிலை நாங்கள் மேலை பாத்தது ஹெலியைத்தான்," என்றார் பஞ்சலிங்கம். பிறகு தன்னை மீறிக் கேட்டுவிட்டார். "ஏன் ரெண்டு நாள்? வெடிச்சுப் போச்சுதோ?"

"இல்லை. பற்றறி முடிஞ்சுபோச்சு."

பற்றறியைத் துடைத்துக்கொண்டிருந்த துணி அவர் கையில் நின்றது. நாற்பது வருடத் தொழிலில் பற்றறி முடிந்து கதை நின்றுபோன சம்பவங்கள் ஆயிரம் பார்த்திருக்கிறார். ஒரு கிரகத்தில் நின்றதை இப்போதுதான் கேட்கிறார். ஆனாலும் வாசல் பலகையைக் கை காட்டினார். அவள் பலகையை வாசித்து, "நாளையிண்டைக்கு வாறன் ஐயா" என்று போய்விட்டாள்.

"உவள் பாவம் அண்ணை, படிச்ச பிள்ளை," என்றான் ஜஸ்ரின்.

"அண்டைக்கு வந்தவனும் படிச்சவன்தான்."

மறுநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் தெல்லிப்பழைக்குப் போனார். விசாரிப்பது அவருக்குக் கை வந்த கலை. ஒரு தேத்தண்ணிக் கடையில் வடையைக் கடித்தபடி, பழைய பற்றறி விற்க ஒருவர் கூப்பிட்டவர், பெயர் மறந்துபோச்சு, மகள் வெளிநாடாம் என்று இழுத்தார். கடைக்காரி மார்கிரட்டுக்கு இழுக்கத் தேவையில்லை. சுதாகரன் வீடு, ஒப்பரேஷன் உண்மை, மகள் ஜெர்மனியிலிருந்து வந்து நிற்பதும் உண்மை. "பாவம் அந்த மனிசன். நெஞ்சையும் வெட்டி, பக்கத்து வீட்டுக்காரனோடை வேலிக் கேசும் ஓடுது. ஒரு முழம் காணிக்கு ஏழு வருசம்."

பஞ்சலிங்கம் கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

திரும்பும் வழியில் சுன்னாகம் வரை அதையே நினைத்தார். முழுப் பொய் என்றால் துரத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இது எல்லாம் உண்மை. நடுவில் ஒரு வேலி.

புதன்கிழமை அவள் வந்தபோது கடையில் அவருடைய மனைவி நல்லம்மா மத்தியானச் சாப்பாட்டோடு நின்றாள். வினோஜா முத்திரை குத்திய கடிதம் ஒன்றை நீட்டினாள். ஜெர்மன் மொழியில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். பஞ்சலிங்கம் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"யாழ்ப்பாணத்திலை இருநூறு ரூபாய்க்கு உதைவிட வடிவாய் அடிச்சுத் தருவான்."

"இஞ்சாருங்கோ," என்றாள் நல்லம்மா, "பிள்ளை வெய்யிலுக்குள்ளை ரெண்டாம் தரம் வந்து நிக்குது. போத்தலிலை குடுக்காட்டி இஞ்சை வைச்சுச் செய்யட்டுமன். பின்னறை சும்மாதானே கிடக்கு."

வினோஜாவின் முகம் மலர்ந்தது. "அது இன்னும் நல்லம் அன்ரி!"

இல்லை என்று சொல்ல முடியாதவர்களின் பட்டியலில் நல்லம்மாவின் பெயர்தான் முதலாவது. பன்னிரண்டாம் திகதி தொடங்கி மார்ச் நாலு வரை, இருபத்தொரு நாள் என்று முடிவாயிற்று.

அன்று காலை அவர் நீலக் கானின் லேபிளை அவளுக்குக் காட்டினார். தொண்ணூற்றெட்டு வீதம். அவள் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். "இனி வெளியிலை நில் பிள்ளை. புகை நெஞ்சுக்குள்ளை போனால் எரியும்." அவள் தள்ளி நின்றாள். அவர் கதவைச் சாத்தினார். கண்ணாடிச் சாடியைக் கையில் எடுத்தார்.

ஒரு சாடி கடும் அசிட், இருபத்தொரு நாள், இந்தப் பின்னறையில். அவர் சாப்பிடப் போகிற நேரம், கோயிலுக்குப் போகிற நேரம், வீதியில் வாகனத்துக்குக் கீழே படுத்திருக்கிற நேரம். ஒரு தேநீர்க் கோப்பை அளவு குறைந்தால் யார் கண்டார்கள்?

நீலக் கானை மூடிப் பூட்டினார். பக்கத்தில் இருந்த பற்றறி அசிட்டைச் சாடி நிறைய ஊற்றிவிட்டுக் கதவைத் திறந்தார்.

"கான்லை இருந்ததுதானே ஐயா?"

"ஓம், ஓம்."

வினோஜா படித்தது கட்டமைப்புப் பொறியியல். இரசாயனத்தைப் பள்ளிக்கூடத்து ஏ.எல். பரீட்சையோடு விட்டவள். நாற்பது வருடம் அசிட்டோடு புழங்குகிற மனிதர் சொன்னால் சரிதான் என்று குறிப்பேட்டில் தொண்ணூற்றெட்டு என்று எழுதினாள். ஒன்பது துண்டுகளையும் கண்ணாடிக் கொக்கிகளில் மாட்டி இறக்கினாள்.

தினமும் பத்து மணி பஸ்ஸில் வந்து பார்த்தாள். பஞ்சலிங்கம் அவளைப் பார்த்தார். சாடியின் மட்டத்தில் வெளிப்பக்கம் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தார். அவள் போனதும் குனிந்து கோட்டைப் பார்ப்பார். இறங்கவில்லை. ஒருநாள் அவள் பின்னறையிலிருந்து மூடிய சிறு குப்பி ஒன்றோடு வெளியே வந்தாள். அவர் எழுந்து வாசலை மறித்தார்.

"கையிலை என்ன?"

"சோடா மாத் தண்ணி ஐயா. துண்டை எடுத்துப் பாக்கேக்கை கழுவ."

"திற."

திறந்தாள். மோந்து பார்த்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். உப்புக்கரித்தது. கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். "அப்பத்துக்குப் போடுற சோடா அண்ணை அது," என்றான் ஜஸ்ரின். "கைது செய்யுறதெண்டால் அப்பக்காரியளை எல்லாம் பிடிக்கவேணும்." வினோஜா சிரிக்கவில்லை. "ஐயா, உங்களுக்கு என்னிலை என்ன சந்தேகம்?" என்று கேட்டாள். அவர் வழி விட்டார்.

ஆனால் பதினைந்தாம் நாள் அவர்தான் கேட்டார், அந்தப் பலூனுக்குள் இப்போது என்ன பற்றறி வைக்கப்போகிறார்கள் என்று. அவள் தாளில் படம் கீறிக் காட்டினாள். பகலில் சூரியத் தகடு, இரவில் பற்றறி. வெள்ளியின் காற்று அவ்வளவு வேகம், பலூன் இரண்டு மூன்று நாள் இருட்டுக்குள் கிடந்துவிட்டு மறுபடி வெளிச்சத்துக்கு வரும். பஞ்சலிங்கம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அன்றும் பென்சில் கோட்டைப் பார்க்கத் தவறவில்லை.

மார்ச் நாலாம் திகதி காலை துண்டுகள் வெளியே வந்தன. ஒன்பதும் போட்டபடியே இருந்தன. வினோஜா ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒரு பொருத்தும் விடவில்லை.

"ஐயா! என்ரை பொருத்துத்தான் எல்லாத்திலும் பாரம் குறைவு. அதுவும் தாங்கியிருக்கு! பின்னேரம் நாலு மணிக் கூட்டத்திலை சொன்னால் இதையே எடுப்பினம்."

"எடுத்துப் பேந்து தாங்காட்டி?"

"தாங்காட்டி காஸ் கசியும். பலூன் இறங்கும். கீழை போகப் போகச் சூடு. ஈயம் உருகுற இடத்திலை பலூன் என்ன செய்யும்?" அவள் சிரித்தாள். "ஆனால் தாங்குது தானே."

ஓரங்களை அளவுக்கு வெட்டி, மாதிரிகளை உறையில் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு ஓடினாள். வெட்டிய கழிவுகள் குப்பைப் பெட்டியில் கிடந்தன.

மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகும் பஞ்சலிங்கத்தின் கண் பெட்டியிலேயே இருந்தது. பிறகு அவளுடைய பொருத்தில் விரல் நீளம் ஒன்றை எடுத்தார். நீலக் கானைத் திறந்து ஒரு பீங்கான் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றித் துண்டை அதற்குள் போட்டார். அதன்பின் ஒரு லொறிப் பற்றறிக்கு ஈய முனை வார்க்க உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது கிண்ணத்துக்குள் கடும் சாயத் தேத்தண்ணி நிறம். கம்பியால் தூக்கினார். தாள் இருந்தது. ஒட்டியிருந்த பசை கரைந்து, இரண்டு தாளும் தனித்தனியாகத் தொங்கின.

மணி மூன்று.

பேசாமல் இருந்துவிடலாம். அந்தப் பலூன் என்றைக்குப் போகுமோ, போகுமோ இல்லையோ. போய் விழுந்தாலும் அது ஏன் விழுந்தது என்று ஒரு நீதவானும் மருதனார்மடத்துக்கு ஆள் அனுப்பப் போவதில்லை. சாட்சி இல்லை, வழக்கு இல்லை, கண் போனவன் இல்லை. இவ்வளவு பாதுகாப்பாக ஒரு காரியம் அமைந்திருப்பதுதான் அவருக்கு உதைத்தது. வேறொருவன் இந்த இடத்தில் நின்றால், அவன் வாய் திறக்கமாட்டான் என்று அவர் அடித்துச் சொல்லியிருப்பார்.

கிண்ணத்தை மூடி வைத்தார். அவருடைய மூன்று கேள்விகளில் போன் நம்பர் இல்லை. ஜஸ்ரினைக் கடையில் இருத்திவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். சுன்னாகத்தில் பஸ் மறித்தது, மல்லாகத்தில் ரயில்வே கடவை மறித்தது. வீட்டு வாசலில் இறங்கியபோது நாலு மணிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் சுதாகரன் இருந்தார், நெஞ்சை ஒரு தலையணையால் அணைத்தபடி. வலதுபக்கம் வேலி. பாதி பனையோலை, பாதி தகரம், நடுவில் இரண்டு தரப்பும் தொடாமல் விட்ட ஓர் இடைவெளி. பஞ்சலிங்கத்தின் கண் முதலில் போனது அங்கேதான்.

வினோஜா மடிக்கணினியோடு வெளியே வந்தாள். "என்ன ஐயா, கொக்கியை விட்டிட்டு வந்திட்டனோ?"

"பிள்ளை, கூட்டத்திலை அதைச் சொல்லாதை. சாடியிலை இருந்தது கடும் அசிட் இல்லை. பற்றறி அசிட். மூண்டிலை ஒரு பங்குதான் அசிட், மிச்சம் தண்ணி. நான்தான் மாத்தி ஊத்தினனான். இப்ப உண்மையானதிலை போட்டுப் பாத்தனான். உன்ரை பொருத்து ஒரு மணித்தியாலம் நிக்கேல்லை."

அவள் கணினியைக் கதிரையில் வைத்தாள்.

"பாலுக்குத் தண்ணி கலக்கிறவனைக் கண்டிருக்கிறன். அசிட்டுக்குமோ ஐயா? இருபத்தொரு நாள்! தினம் தினம் பஸ்ஸிலை வந்தனான். நீங்களும் பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டு... ஏன்?"

அவருடைய கண் மறுபடி வேலிக்குப் போனது. அவள் அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்து திரும்பினாள்.

"நான் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊத்துவன் எண்டு நினைச்சீங்கள்."

"முந்தி ஒருத்தன் ஊத்தினவன். நான்தான் குடுத்தனான்."

சுதாகரன் தலையணையை இறுக்கிக்கொண்டு சிரித்தார். தையல் இழுத்தது போலும், பாதியில் நிறுத்தினார். "தம்பி, உம்மிலை பிழை இல்லை. எனக்கே சில நேரம் அந்த யோசினை வந்ததுதான்."

"அப்பா!"

பஞ்சலிங்கம் சுதாகரனை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். அதைப் பகிடியாக எடுத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

நாலு மணிக்கு வினோஜா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவர் போகவில்லை, வாசற்படியில் இருந்தார். உள்ளே ஜெர்மன் மொழியில் அவள் பேசுவது கேட்டது. விளங்கவில்லை. நடுவில் "பஞ்சலிங்கம்" என்று தன் பெயர் வந்தது மட்டும் விளங்கியது. இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தாள்.

"என்ன சொன்னவை?"

"சோதனைக்கு முதல் அசிட்டை அளக்காதது என்ரை பிழையாம். சரிதான். என்ரை பொருத்தை இப்போதைக்கு எடுத்திட்டினம். பசையை மாத்திக்கொண்டு வந்தால் திரும்பப் பாப்பினம். ஏப்ரல் ரெண்டு கடைசித் திகதி." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "திங்கள் வாறன். நான்தான் ஊத்துவன். நான்தான் அளப்பன். நீங்கள் வெளியிலை நிப்பீங்கள்."

"புகை..."

"முகமூடி இருக்கு."

மார்ச் பதினோராம் திகதி அவள் வந்தாள். கூடவே கடும் அசிட் அளக்கும் புது ஹைட்ரோமீற்றர் ஒன்று, யாழ்ப்பாணத்தில் வாங்கியது. நீலக் கானிலிருந்து தானே ஊற்றினாள், இரண்டு தடவை அளந்தாள், படம் எடுத்தாள். தன் பொருத்துக்கு வெவ்வேறு புதுப் பசை போட்ட ஒன்பது துண்டுகளை இறக்கினாள். சாடி மூடியைச் சுற்றி ஒட்டுநாடா போட்டு, அதன்மேல் குறுக்காகத் தன் கையெழுத்தையும் நேரத்தையும் எழுதினாள். பின்னறைக்கு அவள் கொண்டுவந்த பூட்டு. திறப்பு அவளுடைய பைக்குள்.

"என்ரை கடையிலை என்ரை அறைக்கு நான் போகேலாதோ?" என்றார் பஞ்சலிங்கம்.

"போகலாம். நான் நிக்கேக்கை."

நல்லம்மா சாப்பாட்டுப் பையை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பஞ்சலிங்கம் பூட்டை இழுத்துப் பார்த்தார். நல்ல பூட்டு. இவள் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் வாரத்தில் மூன்று துண்டுகள் கருகிப் பிரிந்தன. ஆறு சாடிக்குள் இருக்கின்றன. ஏப்ரல் முதலாம் திகதி காலை பத்தே காலுக்கு அவை வெளியே வரும். மூன்றாம் திகதி வினோஜாவுக்கு விமானம்.